பதினொரு மூட்டைகளும் அட்லஸ் அக்காவும்

தலைமைத் தபால் நிலையத்தின் மூன்றாவது மாடியில் அட்லஸ் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அக்காவே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பாள். சார்ட்டிங் ஹாலில் ஆளுயர அலமாரி ஒன்றின் முன்னால் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை. அலமாரியில் நாற்பத்தெட்டுப் பொந்துகள், கடைசி ஒன்றைத் தவிர பொந்துக்கு ஒரு தபால்காரர். கட்டுக் கட்டாக வரும் கடிதங்களின் விலாசத்தைப் பார்த்து, அது எந்தத் தபால்காரர் போகும் தெரு என்று நினைவிலிருந்தே கண்டுபிடித்து, அவருடைய பொந்தில் செருக வேண்டும். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது தெருக்கள். யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால்தான் தப்பு வரும் என்பது அக்காவின் கட்சி.

அந்தப் பெருமையை அக்கா கொஞ்சம் அதிகமாகவே சுமந்து திரிந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறவுக்காரர் யாராவது வீடு மாறினோம் என்று சொல்ல வாயைத் திறந்தால் போதும், "அந்தச் சந்துக்கு ஒற்றைப்படை நம்பர் இடது பக்கம், உங்க வீடு கடைசிக்கு முந்தினது" என்று வந்து விழும். சொந்த வீட்டைப் பற்றியே அவர்கள் இவளிடம் தெரிந்துகொண்டு போவார்கள். ஆனால் அக்காவை அந்தச் சந்துக்கு நேரில் அனுப்பிப் பாருங்கள். பேருந்தை விட்டு இறங்கி, கிழக்கு மேற்கு தெரியாமல், கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு நிற்பாள். அவளுக்குத் தெரிந்த ஊர் முழுக்கக் காகிதத்தில் இருந்தது.

ஹாலின் மூலையில் ஒரு சரக்கு லிஃப்ட். "ஆட்கள் ஏறக் கூடாது" என்று அதன் கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எழுத்தின் மேல் சாய்ந்தபடிதான் எல்லோரும் ஏறி இறங்குவார்கள். ஒரு நாள் காலை பதினொரு தபால் மூட்டைகளோடு அக்காவும் அதில் ஏறினாள். மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய லிஃப்ட், கம்பி அறுந்து, இரண்டு மாடி உயரம் விழுந்து, முதல் மாடிக்கருகே எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தபோது அக்கா மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் லேசான சுளுக்கு, அவ்வளவுதான்.

"மூட்டைக்கு ஒண்ணும் ஆகல, எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவை மாடி மாடியாகப் பரவியது. ஏறக் கூடாத லிஃப்டில் ஏறியதற்கு மெமோ வருமே என்று அக்கா சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பேரை எழுதாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டாள். அவரும் நல்ல மனுஷர். அறிக்கையில் பதினொரு மூட்டைகள் மட்டும் விழுந்தன. மறுநாள் எட்டு மணிக்கு அக்கா வழக்கம்போல அலமாரி முன்னால் நின்றாள். அன்றிலிருந்து படிக்கட்டு. கேட்டவர்களிடம் முழங்காலுக்குப் பயிற்சி என்றாள். முழங்கால் வலிக்காரர் யாராவது மூன்று மாடி ஏறுவார்களா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மறதி சத்தமில்லாமல் வந்தது. சோப்பு வாங்கப் போனவள் தீப்பெட்டியோடு திரும்பினாள். குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். அடுத்த நாள் அந்தப் பயத்தில் போடவே இல்லை. தொலைக்காட்சியில் ஒரு படத்தைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, முடிந்ததும், "ஆமா, அந்தப் பொண்ணை யாரு கொன்னா?" என்றாள். அதைத்தான் கடைசிக் கால் மணி நேரம் விளக்கியிருந்தார்கள். உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது பட்டியலும் சேர்ந்து கழுவப்பட்டது.

அக்காவின் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமில் கண்ணாடி மாட்டுகிறவர். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான் உண்டு. "பவர் மாறியிருக்கும்" என்றார். மூன்று மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினார். இரண்டையும் அக்கா தொலைத்தாள். ஒன்று ஃபிரிட்ஜில் கிடைத்தது.

வீட்டில் இன்னொருவர் உண்டு, கணவரின் அக்கா. கல்யாணமாகாதவர், பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அக்கா அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். இருவருக்கும் பதினேழு வருடமாகச் சண்டை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கரண்டியை எந்தப் பக்கம் மாட்டுவது, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று நாளுக்கு ஒன்றாக அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த நாலு மாதத்தில் நாத்தனாருக்கு ஒரு பெரிய குறை வந்துவிட்டது. அக்கா சரியாகச் சண்டை போடுவதில்லை. பாதிச் சண்டையில், எதற்காக ஆரம்பித்தோம் என்றே அவளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

"நேத்து விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்னா உனக்கு ஞாபகமே இல்லியே, நான் யார்கிட்ட சண்டை போடுறது?" என்று அலுத்துக்கொண்டார்.

இதெல்லாம் வீட்டோடு போயிருக்கும். அந்த நேரம் பார்த்து ஊரின் ஓரத்தில் கட்டிய புதுக் குடியிருப்பு முழுவதையும் மூன்றாவது மாடியின் தலையில் கட்டினார்கள். தொண்ணூற்றாறு புதுத் தெருக்கள். ரோஜா வீதி, அல்லி வீதி, தாமரை வீதி என்று கட்டியவர் ஒரு பூவையும் விடவில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வேண்டும். தொண்ணூற்றாறு அட்டை, எட்டு நிமிடம், ஐந்து தப்பு வரை மன்னிப்பு. தேறாதவர்கள் அலமாரியை விட்டுக் கீழே பார்சல் எடை போடும் கவுண்டருக்குப் போக வேண்டும்.

அக்கா சிரித்தாள். ஆயிரத்து நூற்று நாற்பதை விழுங்கியவளுக்குத் தொண்ணூற்றாறு எம்மாத்திரம்? பயிற்சி அட்டைகளை வீட்டுக்கு எடுத்துவந்து உட்கார்ந்தாள். முதல் வாரம் பத்துத் தெரு படித்தாள். வாரக் கடைசியில் இரண்டு நினைவிருந்தது. இரண்டாவது வாரம் அந்த இரண்டும் இல்லை. அல்லி வீதி பதினான்காவது பொந்து என்று இருபது தடவை சொல்லிக்கொள்வாள். கையைக் கழுவிவிட்டு வந்தால் அல்லியும் இல்லை பொந்தும் இல்லை. பழைய தெருக்கள் என்னவோ இன்னும் தண்ணீர் பட்ட பாடுதான். புதிதாக ஒன்று உள்ளே போகவே மாட்டேன் என்றது.

அக்காவின் பெரியம்மா ஒருவர் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டவர். அது அக்காவின் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தாறு வயதில் நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்கு வாய் பேசுகிற பெண், உண்மையிலேயே பயந்தபோது ஊமையாகிவிட்டாள்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முதல் மாடியிலிருந்து, எல்லோரும் சிஐடி என்று கூப்பிடுகிறவர் ஏறி வந்தார். போலீஸ் இல்லை. விலாசம் கிறுக்கலாக, பாதியாக, மழையில் கரைந்து வரும் கடிதங்களுக்கு உரியவரைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. எல்லா அலமாரியிலும் கடைசிப் பொந்துக்கு அநாதைப் பொந்து என்று பெயர்; படிக்க முடியாத கடிதங்களை அதில் போட்டால் அவரிடம் போய்ச் சேரும். அவர் கையில் ஒரு கட்டு இருந்தது.

"அக்கா, இதைப் படிக்க முடியுதா பாருங்க."

அக்கா வாங்கிப் பார்த்தாள். அச்சடித்த விலாசம். "ஏன், பாலத்தடித் தெரு, ஆறாவது பொந்து. இதுல என்ன கஷ்டம்?"

"இது?"

"நெசவாளர் சந்து. இருபத்தொண்ணு. என்ன, பரீட்சை வைக்கிறீங்களா?"

"இதெல்லாம் உங்க அநாதைப் பொந்துலேர்ந்து வந்தது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தான் போட்டிருக்க முடியாது என்று சண்டைக்குப் போனாள். கட்டின் மேல் செருகியிருந்த சீட்டில் அவள் அலமாரி நம்பர் இருந்தது. சிஐடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவப்படாதீங்க. ரெண்டு மாசமா பாக்குறேன். நல்ல விலாசம் அஞ்சாறு ஒட்டுக்கா வரும். அப்புறம் நிஜமான கிறுக்கல் கொஞ்சம். திரும்ப நல்லது அஞ்சாறு. ஒரு நாளைக்கு ஆறு கொத்து. விலாசம் கண்டுபிடிச்ச கடிதத்தையெல்லாம் மூட்டையில போட்டு நான் கீழேர்ந்து லிஃப்ட்டை மேல அனுப்புறதும் ஆறு தடவைதான். போன வாரம் லிஃப்ட் சர்வீஸ்னு ஒரு நாள் ஓடல. அன்னிக்கு ஒரு கடிதம்கூட தப்பா வரல." கொஞ்சம் தயங்கினார். "நேத்து சும்மாவே பதினோரு தடவை அனுப்பிப் பாத்தேன். பதினோரு கொத்து வந்துது. மன்னிச்சுக்குங்க."

லிஃப்ட் வந்து நிற்கும்போது ஒரு மணி அடிக்கும். விபத்துக்குப் பிறகு கம்பியோடு மணியையும் மாற்றியிருந்தார்கள். முன்னைவிடச் சத்தம் அதிகம். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் அக்காவின் கை, பிடித்திருந்த கடிதங்களைக் கடைசிப் பொந்தில் தள்ளிவிட்டு அடுத்த கட்டை எடுத்திருக்கிறது. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. அவள் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

"பெரிய கண்டுபிடிப்பு! போய் உங்க வேலையைப் பாருங்க" என்று அவரை விரட்டினாள். அடுத்த நாள் விடுப்புப் போட்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்கா பெரியம்மா கதையில் ஆரம்பித்து ஃபிரிட்ஜ் கண்ணாடி வரை வந்தாள். லிஃப்டைப் பற்றி, போகிற போக்கில், ஒரு வரி. டாக்டர் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். அப்போது என்ன நடந்தது என்று கேட்டார்.

அக்காவுக்குச் சில விஷயங்கள் துல்லியமாகத் தெரிந்தன. சாக்கின் வாடை. எதிரே இருந்த மூட்டையின் சீட்டு, அதில் இருந்த எண், எண்ணின் மேல் விழுந்திருந்த மசிக்கறை. விளக்கு அணைந்ததா இல்லையா, யார் கையைப் பிடித்து வெளியே வந்தாள் என்பதெல்லாம் சுத்தமாக இல்லை.

"ராத்திரி தூக்கம்?"

"மூணு மணிக்கு டான்னு முழிப்பு வந்துடும். வயசாச்சில்ல."

"வயசைச் சும்மா இழுக்காதீங்க" என்றார் டாக்டர். "உங்க பெரியம்மாவுக்கு வந்தது வேற மாதிரி தெரியுது. எதுக்கும் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். நீங்க புதுத் தெருவை மறக்கல. அது உள்ள பதியவே இல்ல. உங்க மனசுல பாதி இன்னும் அந்த லிஃப்ட்டுக்கே காவல் நிக்குது, எப்ப விழும் எப்ப விழும்னு. மிச்சப் பாதியை வெச்சுக்கிட்டு சமையல், சோப்பு, தொண்ணூத்தாறு தெரு எல்லாத்தையும் சமாளிக்கப் பாக்குறீங்க. தூக்கமும் இல்ல. எப்படி ஏறும்?"

வாரம் ஒரு நாள் வந்து பேசச் சொன்னார். ஒரு நாளைக்கு நாலு தெருவுக்கு மேல் தொடக் கூடாது என்றார். மணி அடித்தால் கேட்காத மாதிரி இருக்கப் பார்க்காமல், கையில் இருப்பதைக் கீழே வைத்து, திரும்பி லிஃப்டைப் பார்த்து, அது பத்திரமாக நிற்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடி எடுக்கச் சொன்னார். சிலருக்குச் சீக்கிரம் சரியாகும், சிலருக்கு நாளாகும், எட்டு நாள் போதாது, பரீட்சையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள் என்றார்.

அங்கேதான் அக்கா மாட்டிக்கொண்டாள். தள்ளிவைக்கக் கேட்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். காகிதத்தின்படி அவள் லிஃப்டிலேயே இல்லை. விழாதவளுக்கு என்ன பயம்?

விடுமுறை நாள் காலையில் சமையலறை மேஜையில் காகிதத்தோடு உட்கார்ந்தாள். வாழ்நாளில் சில கோடிக் கடிதங்களைத் தொட்டவளுக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லை. ஐந்து தாள் கிழிந்தது. எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் ஐந்தாவது தாள் வரை பொறுத்துக்கொண்டார்.

"மரமெல்லாம் காலியாகப் போகுது. அப்படி என்னத்தை எழுத முடியல?"

"காரணம் எழுதணும், அண்ணி."

"என்ன காரணம்?"

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் பயந்துட்டேன். அந்த லிஃப்ட் விழுந்தப்ப ரொம்பப் பயந்துட்டேன். வெளியில வந்து ஜோக் அடிச்சதெல்லாம் சும்மா. உள்ள நான் கத்தின கத்து எனக்குத்தான் தெரியும்."

"கத்தாம பின்ன பாட்டா பாடுவாங்க?"

"உங்களைத்தான் கூப்பிட்டேன்."

நாத்தனார் கையில் கத்தி நின்றது.

"என் அம்மாவைக் கூப்பிடல. அவரையும் கூப்பிடல. அண்ணி அண்ணின்னு கத்தினேன். ஏன்னு தெரியல. அது வெக்கமாயிருந்துது. அதனாலதான் யார்கிட்டயும் அந்தப் பேச்சையே எடுக்கல."

நாத்தனார் நறுக்கியது வெங்காயமும் இல்லை, சுரைக்காய். அதனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. பிறகு எழுந்துவந்து, ஆறாவது தாளை அக்காவின் முன்னால் நேராக வைத்தார்.

"எழுது. நான் கூப்பிட்டா வராதவளா? பக்கத்துல உக்காந்திருக்கேன், எழுது. கையெழுத்து மட்டும் கொஞ்சம் நல்லா எழுது, அந்த சிஐடிகிட்ட போய்ச் சேந்துடப் போகுது."

கடிதத்தில் முக்கியமான வரி ஒன்றுதான் இருந்தது. "அன்று அந்த லிஃப்டில் பதினொரு மூட்டைகளுடன் நானும் இருந்தேன்." மீதி எல்லாம் 'மதிப்பிற்குரிய' என்பதும் 'பணிவுடன்' என்பதும்.

சூப்பர்வைசர் அதை மூன்று தடவை படித்தார். "இப்ப என் ரிப்போர்ட் பொய்யாயிடுமே, அக்கா. நீங்கதானே எழுத வேணாம்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே எழுதியிருக்கேன். மெமோ வந்தா சேந்து வாங்கிக்கலாம்."

சேர்ந்தே வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. கூடவே பரீட்சையும் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதிலிருந்து சூப்பர்வைசர் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, "பன்னிரண்டாவது மூட்டை வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அந்த இரண்டு மாதமும் அக்காவுக்கு ஏறுமுகமாகவே இருந்தது என்று சொன்னால் அது பொய். டெஸ்டில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரிடம் பேசிவிட்டு வந்த நாள்களில் தூக்கம் இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு முறை போகாமல் ஏமாற்றினாள்; மூன்றாவது முறை நாத்தனாரே கூட்டிப் போனார். மணி அடித்தால் கடிதத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் வித்தையை முதல் நாள் செய்தபோது ஹாலே அவளைப் பார்த்தது. "என்ன பாக்குறீங்க? லிஃப்ட் வந்திருக்கு, யாராவது போய் மூட்டையை எடுங்க" என்று அதட்டினாள். ஒரு நாளைக்கு நாலு தெரு. நாத்தனார் நூலகக்காரர் அல்லவா, அட்டைகளைச் சீராக அடுக்கிக் கேள்வி கேட்டார். தப்புச் சொன்னால் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது வாரம் அக்கா அவரோடு கரண்டி விஷயமாக முழுதாக ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். போன சண்டையிலிருந்து மேற்கோள் எல்லாம் காட்டினாள். நாத்தனார் அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

பரீட்சை அதே ஹாலில்தான். மாற்று இடம் தருகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னதற்கு, அலமாரி இங்கேதானே இருக்கிறது என்றாள். தொண்ணூற்றாறு அட்டைகளை இடது கையில் வாங்கிக்கொண்டாள். கடிகாரத்தை அழுத்தினார்கள்.

இருபது அட்டை போயிருக்கும், மணி அடித்தது. அக்காவின் கை கடைசிப் பொந்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. நிறுத்தினாள். அட்டைகளை அலமாரி விளிம்பில் வைத்தாள். திரும்பினாள். லிஃப்ட் கதவு திறந்து, மூட்டை வண்டி வெளியே வந்து, கதவு மூடும்வரை பார்த்தாள். கடிகாரம் அது பாட்டுக்கு ஓடியது. ஹாலில் நின்றவர்கள் அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அட்டைகளை எடுத்தாள். ரோஜா, அல்லி, தாமரை. கை வேகம் பிடித்தது. கடைசி அட்டையைச் செருகியபோது ஆறு விநாடி பாக்கி.

சூப்பர்வைசர் ஒவ்வொரு பொந்தாக எண்ணினார். நாலு தப்பு, அநாதைப் பொந்து காலி. அக்கா உடனே, நாலில் ஒன்று தப்பே இல்லை, தெருப் பட்டியல்தான் தப்பு என்று வாதாட ஆரம்பித்தாள். தேறிவிட்ட பிறகு எதற்கு வாதம் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சிஐடி கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. ரெண்டு தடவையும் என் ஆளுங்கதான் அனுப்பினாங்க. இன்னிக்கு வேணாம்னு சொல்லி வெச்சிருந்தேன், கேக்கல. முதல் தடவை நீங்க நின்னப்பவே எனக்கு உசுரு போயிடுச்சு. அடுத்ததும் அடிச்சதும் கீழ ஓடிப் போய்த் தடுத்துட்டு வர்றேன்."

"அடுத்ததா?" என்றாள் அக்கா.

"கடைசி நிமிஷத்துல. மல்லி வீதி போட்டுட்டிருந்தீங்களே, அப்ப."

அக்கா சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். பக்கத்து அலமாரிக்காரியைப் பார்த்தாள். அவளும் தலையாட்டினாள். ஹாலே கேட்டிருக்கிறது.

"ரெண்டாவது மணி அடிச்சுதா?" என்று அக்கா இன்னொரு தரம் கேட்டாள். கேட்டுவிட்டு, அலமாரியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை பேர் முன்னால், அடக்க முடியாமல் அழுதாள்.